பெரியம்மாவின் பின்னங்கால்

ஜனவரி 9

அண்ணா,

பெரியம்மாவின் பின்னங்காலை அறுத்தது யார்? நீயா, உன் பட்டறை ஆட்களில் ஒருவரா? வேறு யாராவது என்றால் ஆளைச் சொல். நீதான் என்றால் அதையும் சொல். நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை.

இன்று காலை இங்கே பல்கலைக்கழக ஆய்வகத்தில் யாரோ மேசைமேல் போட்டுவிட்டுப் போன செய்தித்தாளில் படத்தைப் பார்த்தேன். உங்கள் அருங்காட்சியகத்தின் புதிய கடல் கூடம் மார்ச் முதல் தேதி திறப்பு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நடுவில் நம் ஆமை. நீயும் நானும் வெயிலில் முட்டி தேயத் தேயத் தோண்டி எடுத்த புரோட்டோஸ்டெகா. எட்டுக் கோடி ஆண்டு சேற்றுக்குள் கிடந்து கல்லாகிப் போன கடலாமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நம் பெரியம்மா கைகால் பரப்பித் தரையில் படுப்பாளே, அதே தோரணை என்று நீ வைத்த பெயர் ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டது. அதே பெரியம்மாதான் படத்தில் கம்பிகளில் தொங்குகிறாள். நான்கு துடுப்போடு.

நாம் தோண்டியபோது மூன்றுதான் இருந்தது.

வலது பின்துடுப்பு தொடை எலும்பின் பாதியோடு நின்றுபோயிருந்தது. செத்தபின் உடைந்திருந்தால் முனை பிசிறு பிசிறாக இருக்கும். இது உருண்டு, வழவழவென்று, மூடிக்கொண்டிருந்தது. சுறா கடித்திருக்கிறது. ஆமை சாகவில்லை. புண் ஆறி, எலும்பு தன் வாயைத் தானே மூடிக்கொண்டு, அதற்குப் பிறகும் அது கடலில் வாழ்ந்திருக்கிறது. இதை நான் உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நீ "சரி சரி, உன் உருண்டையை நீயே கொஞ்சிக்கோ" என்பாய். என் கட்டுரை முழுக்க அந்த உருண்டை முனையின் மேல்தான் நிற்கிறது. படங்களை மட்டும் வைத்து நம்ப முடியாது, எலும்பையே பார்க்க வேண்டும் என்று கட்டுரையைப் பரிசீலிப்பவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

உருண்டை முனையில் பிளாஸ்டர் துடுப்பு உட்காராது. உட்கார வைக்க வேண்டுமென்றால் முனையைத் தட்டையாக அறுத்து, துளை போட்டு, இரும்பு முளை இறக்க வேண்டும். இது உனக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கும் தெரியும். அதனால் மழுப்பாதே.

அந்தத் துடுப்பைத் திறப்பு விழாவுக்கு முன் கழற்று. போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். போனில் நீ கத்துவாய், நான் கத்துவேன், அம்மா நடுவில் பிடுங்கி "சாப்டியா?" என்பாள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு கட்டிவிடுவீர்கள். எழுதி அனுப்பு.

தங்கை

*

ஜனவரி 17

மகாராணி அவர்களுக்கு,

நான்தான் அறுத்தேன். என் ஆட்கள்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

இப்போது நான் கேட்கிறேன். எலும்பையெல்லாம் தட்டுத் தட்டாகப் பரப்பி வைத்துவிட்டு, ஒரு வருட ஆராய்ச்சி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது யார்? நீ போன மறுவாரம் இயக்குநர் பட்டறைக்கு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெரியம்மாவை ஒரு சுற்று சுற்றினார். "என்னப்பா இது, பாதி வேலையில விட்ட மாதிரி இருக்கு? தெறக்கிற அன்னிக்கு முழுசா நிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரிடம் நின்று உன் உருண்டை முனையின் பெருமையைப் பேச நீ இங்கே இல்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறாய்? "என் தங்கச்சி வர்ற வரைக்கும் கூடத்தைப் பூட்டி வைங்க சார்" என்றா?

நீ படத்தில் பார்த்த துடுப்பைச் செய்ய நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? இடது துடுப்பின் ஒவ்வொரு விரல் எலும்பையும் அளந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிச் செதுக்கி, நிறம் ஏற்றி, வெடிப்புகூட விட்டு வைத்திருக்கிறேன். எது கல், எது பிளாஸ்டர் என்று இயக்குநருக்கே தெரியவில்லை. அறுத்தது வெறும் இரண்டு விரல் அகலம். இத்தனை பெரிய உடம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

இன்னொன்றும் சொல்கிறேன். பார்க்க வருகிறவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். அதை ஊனமாகத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. என் கையில் ஒன்று கிடைத்தால் அதை முழுசாக்கித்தான் பழக்கம். சின்ன வயதில் உனக்குக் கால் செய்து கொடுத்தது யார்? சித்தி கல்யாணத்துக்கு முந்தின வாரம் நீ போட்டோவுக்கு வரமாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்திருந்தாய். உன் இடது பாதத்தைப் பிளாஸ்டரில் அச்சு எடுத்து, திருப்பிச் செதுக்கி, நகம் முதற்கொண்டு வைத்து வலது பாதம் செய்து மாட்டிவிட்டேன். நீ முன் வரிசையில் நின்றாய். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு உன் காலைத்தான் பார்த்தார்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அன்றைக்குக் கிடைத்த கைதட்டலால்தான். அதே கையைத்தான் இன்று கொலைகாரன் கை மாதிரி பேசுகிறாய்.

அம்மா கேட்கிறாள்: "அவளுக்குக் கோவம் உன் மேலயா, அந்த ஆமை மேலயா?" என்ன சொல்வது என்று எழுது.

துடுப்பு கழலாது.

அண்ணன்

*

ஜனவரி 24

அண்ணா,

ஊனம் என்று எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே என் காலைப் பற்றி எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் நடுவில் உன் பேனா ஒரு நொடி நின்றதா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

சரி, அந்தக் கதையையே எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு யார் வந்தாலும் நீ சொல்கிற கதை. லாரி என் காலை முட்டிக்குக் கீழே எடுத்துக்கொண்டு போனதற்கு அடுத்த வருடம், அன்பான அண்ணன் தங்கைக்குக் கால் செய்து கொடுத்த கதை. இதுவரை நீ மட்டும்தான் சொல்லியிருக்கிறாய். என் பங்கைக் கேள்.

உன் பிளாஸ்டர் கால் அழகாக இருந்தது. மறுக்கவில்லை. கல் போலக் கனத்தது. இரண்டு பழைய பெல்ட்டை வைத்து இழுத்துக் கட்டி, மேலே வெள்ளை சாக்ஸ் போட்டுவிட்டாய். போட்டோ எடுக்கிற நேரம்தானே என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். போட்டோ முடிந்தது. ஆனால் நீ என்னை ஒவ்வொரு கூட்டத்திடமும் அழைத்துக்கொண்டு போனாய். "நட, நடந்து காட்டு" என்றாய். நான் நடந்தேன். எல்லோரும் உன் முதுகில் தட்டினார்கள். என் கால்முனை உள்ளே கிழிந்துகொண்டிருந்தது. தோல் வழன்று, பிறகு ரத்தம், பிறகு சாக்ஸ் ஈரமாகிக் காய்ந்து ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் அதை உரித்தேன். சாக்ஸைச் சுருட்டி அழுக்குத் துணிக்கு அடியில் திணித்தேன். யாருக்கும் தெரியாது. அடுத்த விசேஷத்துக்கும் அதே காலை மாட்டிவிட்டாய். அதற்கு அடுத்ததற்கும்.

பார்க்கிறவர்களுக்காகச் செய்த கால் அது. நடக்கிறவள் என்ற ஒருத்தி உன் கணக்கிலேயே இல்லை. இன்று நான் போட்டிருப்பது வெறும் இரும்புக் கம்பி. நகம் இல்லை, விரல் இல்லை, ஊரில் யாரும் திரும்பிப் பார்த்துப் பாராட்டுவதில்லை. அதை ஊன்றிக்கொண்டுதான் நாம் தோண்டின அந்தக் கரையில் ஏறி உன் பெரியம்மாவைக் கண்டுபிடித்தேன்.

அந்த ஆமையை முதன்முதலில் சேற்றைத் தட்டிப் பார்த்தபோது, அந்த உருண்டை முனையைக் கையால் தடவினேன். அது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினமும் இரவு கழற்றி வைத்தபிறகு என் கையால் தடவிப் பார்க்கிற வடிவம்தான். எட்டுக் கோடி ஆண்டுக்கு முன்னால் ஒன்று காலை இழந்துவிட்டு, யாரும் பிளாஸ்டர் ஒட்டாமல், மூன்று துடுப்போடு கடலைக் கடந்திருக்கிறது. அதற்கு நீ வந்து ஒரு அழகான கால் செய்து மாட்டியிருக்கிறாய்! ஆறின புண்ணை அறுத்துவிட்டு!

இனி வளர்த்தாமல் சுருக்கமாகக் கேட்கிறேன். அறுத்த துண்டு எங்கே?

தங்கை

*

பிப்ரவரி 3

உன் கடிதத்தைப் படித்தேன். அலமாரியில் இருந்த கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டுதான் நிற்கிறாய். வாய் நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நம்பினது என் குற்றமா?

எனக்கு அப்போது பள்ளி முடியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை, "அண்ணா, வலிக்குது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே கழற்றிப் போட்டு உடைத்திருப்பேன். சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நான் இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீ பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறாய். அத்தனை தலையாட்டலும் பொய். இவ்வளவு காலம் உள்ளுக்குள்ளேயே வைத்து ஊறப்போட்டு, இன்று ஒரு ஆமைக்காக எடுத்து என் முகத்தில் எறிகிறாய். பெரிய ஆள்தான் நீ.

துண்டு எங்கே என்று எனக்குத் தெரியாது. அறுத்த அன்று பட்டறையில் ஒரே தூசி. கூட்டிப் பெருக்கி அள்ளிக் கொட்டியாயிற்று. அதோடு போயிருக்கும்.

கூடம் மார்ச் முதல் தேதி திறக்கும். பெரியம்மா முழுசாகத்தான் தொங்குவாள். இனிமேல் எழுதாதே.

*

பிப்ரவரி 11

அண்ணா,

எழுதாதே என்றால் எழுதாமல் இருக்க நான் என்ன உன் பட்டறை ஆளா?

குப்பையில் போய்விட்டது என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! புரட்டிப் புரட்டிப் படித்தேன். ஒரு வருத்தமாவது, ஒரு "அடடா"வாவது எங்காவது ஓரத்தில் இருக்குமா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இரண்டு விரல் அகலம் என்று முன்பு எழுதியிருந்தாய். அண்ணா, அந்த இரண்டு விரல் அகலத்தில்தான் அது பிழைத்த கதை இருந்தது. மீதி எலும்பெல்லாம் அது செத்த கதை. செத்த கதைக்குப் பஞ்சமே இல்லை, எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் கிடைக்கும். அறுக்கும்முன் ரப்பர் அச்சு எடுத்தாயா என்று நான் கேட்கப்போவதில்லை. எடுத்திருப்பாய். அச்சு எடுக்காமல் நீ எந்த எலும்பின் மேலும் கை வைத்ததில்லை. அந்த ஒன்றை மட்டும் உன்னிடம் இன்னமும் நம்புகிறேன். ஆனால் அச்சு வெளித்தோலைத்தான் காட்டும். "முனை தண்ணீரில் உருண்டு தேய்ந்திருக்கலாமே" என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உள்ளே எலும்பு வளர்ந்திருக்கிறதா என்று எலும்புதான் சொல்ல வேண்டும். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று வருட உழைப்பு.

இன்னொரு கடிதமும் எழுதப்போகிறேன். உங்கள் இயக்குநருக்கு. பட்டறைத் தலைவர் ஆய்வாளரின் அனுமதி இல்லாமல் மூல எலும்பை அறுத்தார், அறுத்த பகுதியைத் தொலைத்தார் என்று எழுதுவேன். அண்ணன் என்று எழுதமாட்டேன். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதால் எழுதாமலும் இருக்கமாட்டேன். முதுகுக்குப் பின்னால் குத்தினாள் என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது. அதனால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

நான் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்கிறாய். எனக்கு ஒன்பது வயது, அண்ணா. நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். நான் வாயைத் திறந்தால் அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவள் ஆகியிருப்பேன். கால் போன பிறகு வீட்டில் முதன்முதலாக எல்லோரும் சிரித்த நாள் அது. யார் வந்து கெடுப்பது?

கேட்டிருக்க வேண்டியது நீங்கள்.

தங்கை

*

பிப்ரவரி 20

தங்கச்சி,

துண்டு கிடைத்துவிட்டது. இந்தக் கடிதத்தோடு தனிப் பெட்டியில் வருகிறது. பஞ்சு சுற்றி, அதற்குமேல் துணி சுற்றி, இரண்டு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது கத்தியை ஆழமாக விடாதே.

எங்கே கிடைத்தது என்று சொன்னால் நீ என்னைக் கொல்வாய். பரவாயில்லை.

பட்டறை முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினேன். குப்பைக் கிடங்குவரை போனேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயைக் கொண்டுவந்து பெரிய மேசைமேல் வைத்தேன். நம் பெரிய மேசை எப்படி ஆடும் என்று உனக்குத் தெரியும். நீ அதன்மேல் நோட்டை வைத்து எழுதும்போதெல்லாம் என்னைத் திட்டுவாய். இந்தத் தடவை டீ அசையவில்லை. தட்டிப் பார்த்தேன். மேசை மலைபோல நின்றது. அதை யாரும் சரிசெய்யவில்லையே என்று குனிந்து பார்த்தேன். மேசைக் கால் இரும்புக் குழாய் அல்லவா, அந்தக் குழாயின் வாய்க்குள் உருண்டைப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. தட்டைப் பக்கம் தரையில். அளவெடுத்துச் செய்த மாதிரி.

"எந்தப் பாவிடா இத இங்க வெச்சது?" என்று கத்த வாயைத் திறந்தேன். பாதியில் நின்றுவிட்டது. நான்தான். துளை போடும்போது மேசை ஆடியது, டிரில் வழுக்கியது, கைக்கு அகப்பட்டதை எடுத்துக் காலால் உள்ளே தள்ளினேன். எட்டுக் கோடி ஆண்டு எலும்பைப் பல மாதமாக மேசைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அதே மேசையில் உட்கார்ந்து "குப்பையில் போயிருக்கும்" என்று உனக்கு எழுதியிருக்கிறேன். உருண்டையைச் சுற்றிக் குழாயின் விளிம்பு பட்டு ஒரு கீறல் இருக்கிறது. அது சுறாவின் பல் இல்லை, நான். குறித்துக்கொள்.

அறுத்த முகத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். கல்லை அறுத்தால் அப்படித்தானே பார்ப்போம். இத்தனை நாள் பார்க்கவில்லை. நடுவில் ஒரு நிறம், அதை மூடிக்கொண்டு வெளியே வேறொரு நிறம், அதற்குள் மெல்லிய கோடு கோடாகப் போகிறது. எனக்கு உன் படிப்பு கிடையாது. ஆனால் உருண்டு தேய்ந்த கல்லுக்குள் இப்படிக் கோடு இருக்காது என்று தெரிகிற அளவுக்குக் கல் அறுத்திருக்கிறேன்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் இதையும் ஒரு பொய்யாகத்தான் எண்ணுவாய்.

அம்மாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நான் செஞ்ச காலு அவளைக் கிழிச்சிருக்கு. ரத்தம் வந்திருக்கு. யாருக்குமே தெரியாதாம்" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்டா. சாக்ஸ நான்தானே தொவச்சேன்" என்றாள்.

"தெரிஞ்சேவா அடுத்த தடவையும் என்னை மாட்டிவிடச் சொன்ன?" என்று கேட்டேன். "நீ அவ்ளோ ஆசையா செஞ்சிருந்த. அவளும் ஒண்ணும் சொல்லல. பாக்கவும் நல்லா இருந்துச்சு. நான் என்னத்த சொல்ல?" என்றாள். மடித்த துணியைக் கலைத்து மறுபடி மடித்தாள். நான் கத்தினேன். அம்மாவிடம் இப்படிக் கத்தினதே இல்லை. வீட்டில் இப்போது பேச்சு வார்த்தை கிடையாது. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

என்மேல் உனக்குக் கோபம் இருக்கட்டும். எனக்கும் உன்மேல் இருக்கிறது. நீ தலையாட்டின தலையாட்டலை நான் மறக்கமாட்டேன்.

இயக்குநருக்கு எழுதிவிட்டாயா?

அண்ணன்

*

பிப்ரவரி 25

அண்ணா,

பெட்டி வந்தது. கத்தியை ஆழமாக விடவில்லை.

எழுதிவிட்டேன். அனுப்பியும்விட்டேன். உன் பெட்டி இங்கே வந்த அன்று என் கடிதம் அங்கே போயிருக்கும். "துண்டு தொலைந்தது" என்ற வரியை மட்டும் திருத்தி இன்னொன்று அனுப்பியிருக்கிறேன். மற்றது அப்படியேதான் இருக்கிறது. அனுமதி இல்லாமல் அறுத்தாய் என்பது துண்டு கிடைத்ததால் மாறிவிடாது.

மேசைக்கு முட்டு! படித்துவிட்டு நாற்காலியை எட்டி உதைத்தேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது. அதனால் நீ இதில் லாபக் கணக்குப் போடாதே.

கோடுகளைப் பற்றி நீ எழுதியது சரி. இங்கே சீவி எடுத்து நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தோம். நடுவில் பழைய எலும்பு, கடிபட்ட இடம்வரை. அதற்குமேல் அவசர அவசரமாகக் கட்டின எலும்பு, மேடு பள்ளமாக, கண்டபடி. அதற்குமேல்தான் நிதானமாக வளர்ந்தது. எவ்வளவு காலம் என்று இப்போது சொல்லமாட்டேன், சொல்லத் தெரியவும் இல்லை. ஆனால் கடிபட்ட வாரத்தில் அது செத்துப்போகவில்லை. பிழைத்து, தின்று, பெருத்திருக்கிறது. எனக்குத் தேவையானது இவ்வளவுதான். உன் ரம்பம் நேராகப் போயிருக்கிறது. இப்படி ஒரு வெட்டுக்குத்தான் நான் மூன்று வருடமாக உங்கள் இயக்குநரிடம் அனுமதி கேட்டு நடையாய் நடந்தேன். ஒரு துடுப்பை ஒட்ட வேண்டும் என்றதும் யாரையும் கேட்காமல் நீ வெட்டிவிட்டாய். இதற்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே.

அம்மா.

இவ்வளவு காலம் அது என் ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். உன் கடிதத்தின் ஒரு வரியில் அது போய்விட்டது. அவளுக்குத் தெரியும். துவைத்துக் காயப்போட்டு, மடித்து, அடுத்த கல்யாணத்துக்கு அதே சாக்ஸை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். உன்மேல் இருந்த கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. உனக்காவது தெரியாது.

நீ அம்மாவிடம் கத்தியது எனக்குப் பிடித்தது. பிடித்திருக்கக் கூடாது, ஆனாலும் பிடித்தது. சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டுவிடு.

உன் துடுப்பு அழகாக இருக்கிறது, அண்ணா. படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அழகாக இருப்பதுதான் எனக்கு ஆத்திரம். அது அங்கே இருக்கிறவரை, பார்க்கிற ஒருவருக்கும் இந்த ஆமைக்கு என்ன நடந்தது என்று தெரியாது. சாக்ஸ் போட்டு மூடின மாதிரி.

கழற்று.

தங்கை

*

மார்ச் 4

தங்கச்சி,

வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். உன் இரண்டு கடிதங்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். "உங்க தங்கச்சிதானே இவங்க? குடும்பச் சண்டைய ஆபீசுக்குக் கொண்டுவந்திருக்காங்க. இதெல்லாம் உண்மையில்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, தூக்கிப் போட்டுடலாம்" என்றார். நல்ல மனிதர்தான், என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "உண்மைதான் சார். நான்தான் அறுத்தேன்" என்றேன். துடுப்பைக் கழற்ற அனுமதி கேட்டேன். "திறப்பு விழாவ வெச்சுக்கிட்டு வெளையாடுறியா?" என்று கத்தினார். அனுமதி இல்லை என்றார். சரி என்று வெளியே வந்தேன்.

திறப்பு அன்று காலை, கூடத்தைப் பெருக்க ஆள் வருவதற்கு முன்னால் ஏணியைப் போட்டு ஏறினேன். முளையைத் தளர்த்தினேன். துடுப்பு கையோடு வந்தது. நீ சொன்னதுபோல அச்சு இருந்தது. அதில் ஒரு முனையை வார்த்து, அறுத்த இடத்தில் பொருத்தினேன். மூல எலும்பைவிட ஒரு சாயல் வெளுப்பாகவே விட்டிருக்கிறேன். கிட்டே வந்து பார்த்தால் இது நகல் என்று தெரிய வேண்டும். என் கையால் நான் செய்த வேலையில், தெரியட்டும் என்று விட்டது இது ஒன்றுதான். 'முழு எலும்புக்கூடு' என்று எழுதியிருந்த பலகையையும் கழற்றிவிட்டேன்.

இயக்குநர் விருந்தினர்களோடு உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. விருந்தினர்களை அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு அழைத்துக்கொண்டு போனார். மறுநாள் மெமோ வந்தது. பட்டறைத் தலைமை இனி வேறொருவருக்கு. நான் கிடங்கில் எலும்புக்கு எண் போடுகிற வேலைக்கு. உன்னைத் திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். திட்டிவிட்டதாக வைத்துக்கொள்.

கழற்றின துடுப்பைப் பட்டறைப் பரணில் வைத்திருக்கிறேன். உடைக்கவில்லை. மனம் வரவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா வந்திருந்தாள். கூப்பிடாமலே வந்தாள். கூட்டம் கலைந்தபின் பெரியம்மாவுக்குக் கீழே போய் நின்றாள். நான் தள்ளி நின்றேன், நாங்கள் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. பின்பக்கமாகச் சுற்றி வந்து அந்த முனைக்குக் கீழே நின்றவள் நின்றவள்தான். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"இதுக்கு ரொம்ப வலிச்சிருக்கும்ல?"

எனக்குக் கோபம் வந்தது. "எங்கிட்ட ஏம்மா கேக்குற? கேக்க வேண்டியவகிட்ட கேளு" என்றேன். கைப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "அவதான் போன எடுக்க மாட்டேங்கிறாளே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்வாள். "சாப்டியா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அவளுக்கு வேறு ஆரம்பம் தெரியாது. உடனே வைத்துவிடாதே. அதற்கு அப்புறம் அவள் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கேட்டதும் நீ கத்து, அழு, என்ன வேண்டுமானாலும் சொல். உனக்கு உரிமை இருக்கிறது. நான் நடுவில் வரமாட்டேன்.

எடு.

அண்ணன்